ஜூலை 10 கட்டுரையில் ஒரு பத்தி: வைப்பதா, எடுப்பதா?

குடியாத்தத்துப் பெண்
சனிக்கிழமை இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். நான் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. வாரம் முழுக்க விடுதி, சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவேன். இன்றைக்கு நேராக வீட்டுக்கு வராமல் வேலூரில் இறங்கி மூன்று மணி நேரம் கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தேன். கையில் அரசியலமைப்புச் சட்ட நோட்டு, அதற்குள் நான் எழுதி வைத்திருக்கும் இரண்டு பக்கக் கட்டுரை. அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 10 வருகிறது. 1806-ல் அந்த நாள் விடியும் முன்பு இந்தக் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களுக்கு எதிராக எழுந்த கதையை வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத் தூணுக்கு வருடா வருடம் மாலை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். மாணவர்கள் கொண்டுவரும் ஒரு மலருக்கு அதைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். ஆசையாக எழுதினேன். மலரைப் பார்த்துக்கொள்ளும் சீனியர் படித்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிடு என்றார். அந்தப் பத்தி இதுதான்:

"69-ஆம் ரெஜிமென்ட்டின் வெள்ளைக்காரச் சிப்பாய்களில் பெரும்பாலானோர் தூக்கத்திலேயே சுடப்பட்டார்கள். அந்தப் படையில் 115 பேரும், அதிகாரிகள் 14 பேரும் செத்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் செத்தார். அவர் மனைவி பிள்ளைகளோடு உயிர் தப்பி, இரண்டு வாரம் கழித்து அந்த இரவை எழுதி வைத்தார். அதே நாள் பகலில், அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்த சுமார் நூறு இந்தியச் சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். கோட்டைக் கதவை வெடி வைத்துத் திறந்த பிளாகிஸ்டன் என்ற அதிகாரி, அந்தக் காட்சியை மனம் கலங்காமல் பார்த்ததாகவும், அது நியாயமான தண்டனை என்றும் பின்னாளில் எழுதினார். இரண்டு சாவையும் ஒரே மண் வாங்கிக்கொண்டது."

சீனியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "நம் வீரர்களை நினைக்கிற நாளில் அவர்கள் தூங்கினவர்களைச் சுட்டார்கள் என்று எழுதுவாயா? படிக்கிறவன் மனம் புண்படாதா?" என்று அமைதியாகத்தான் கேட்டார்.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறைக்கிறது என்றால், இது இரண்டாவது தடவை. பத்தாவது படிக்கும்போது பேச்சுப் போட்டி. தலைப்பு வேலூர்ப் புரட்சி. தூக்கத்தில் சுட்டதைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். பொறுப்பில் இருந்த ஆசிரியர் சிவப்பு மையால் அந்த நான்கு வரியையும் குறுக்கே அடித்துக் கொடுத்தார். அடித்ததை விட்டுவிட்டு மீதியைப் பேசினேன். இரண்டாம் பரிசு, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. அம்மா பீடி சுற்றுகிறவர்; அந்த டப்பாவில்தான் இப்போதும் நூல்கண்டைப் போட்டு முறத்தில் வைத்திருக்கிறார். மூடியில் என் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைப் பார்க்கிறேன். பேசாமல் விட்ட நான்கு வரி ஞாபகம் வருகிறது. பேசினது ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

இன்னொரு விஷயமும் கட்டுரையில் இருக்கிறது. அன்றைக்கு எழுந்த கோபத்துக்கு ஆரம்பம் ஓர் உடை ஆணை. 1805 நவம்பரில் வந்தது. நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடியை எடு, மீசையைக் கத்தரி, பழைய தலைப்பாகைக்குப் பதில் தோல் சின்னம் வைத்த வட்டத் தொப்பி போடு. 1806 மே மாதம் போட மாட்டோம் என்று சொன்னவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்துச் சவுக்கடி கொடுத்தார்கள். முதலில் அவர்கள் துப்பாக்கியைத் தூக்கவில்லை, வாயால்தான் சொன்னார்கள். சொன்னதற்குக் கிடைத்தது சவுக்கு. 2014-ல் திருநங்கையர் உரிமைக்கான நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் உடுத்துவதும், பேச்சுரிமையைத் தரும் அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு காக்கிற வெளிப்பாடுதான் என்று சொன்னது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தலைப்பாகை அவன் பேச்சு என்று ஒரு வரி. அதையும் சீனியர் வட்டமிட்டு, இது ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறார்.

என் கேள்விகள்:

அந்தப் பத்தியை எடுக்கத்தான் வேண்டுமா? எடுக்காவிட்டால் சட்டம் எனக்குத் துணை நிற்குமா? 19-ஆம் உறுப்பைப் படித்துப் பரீட்சை எழுதப் போகிற எனக்கே இதற்குப் பதில் தெரியாதது வெட்கமாக இல்லை, பயமாக இருக்கிறது.

அதோடு, வழக்குகளை எப்படி மனதில் வைத்துக்கொள்வது என்றும் சொல்லுங்கள். 2024 ஜூலை 1-லிருந்து இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. 302 என்றால் கொலை என்று தெருவில் விளையாடும் பையனுக்கும் தெரியும். அது இப்போது 103. 420 இப்போது 318. பழைய தீர்ப்பைப் படிக்கப் பழைய எண், விடைத்தாளில் எழுதப் புதிய எண். இரண்டையும் தலைக்குள் வைத்துக்கொண்டு தூங்கப் போகிறேன், காலையில் இரண்டும் இல்லை.


சத்துவாச்சாரி வக்கீல்
சனிக்கிழமை இரவு 11.35

தங்கச்சி, பயப்படாதே. கோர்ட்டில் இருபது வருஷம் நின்ற பிறகும் இந்தக் கேள்விக்கு நான் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 19(2)-ல் பேச்சைக் கட்டுப்படுத்தக் காரணங்கள் எட்டு. இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். படிக்கிறவன் மனம் புண்படும் என்பது அந்த எட்டில் இல்லை. புதிய சட்டத்தில் 196, 299 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன, பழைய 153-ஏ, 295-ஏ. ஒன்று பிரிவினரிடையே பகை மூட்டுவது, இன்னொன்று வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு மதத்தை அவமதிப்பது. உன் பத்தி இரண்டின் வாசலுக்குக்கூடப் போகாது. இடஒதுக்கீடு பற்றிய ஒரு தமிழ்ப் படத்துக்கு வந்த ரங்கராஜன் வழக்கை எடுத்துப் படி, 1989. ஊர்வலம் போவோம், கலவரம் வரும் என்று யாரோ மிரட்டுவதற்காகப் பேச்சை அடக்க முடியாது, அமைதியைக் காப்பது அரசின் வேலை என்று அதில் தெளிவாக இருக்கிறது.

ஆனால் இதோடு நிறுத்தினால் உனக்குப் பாதிதான் சொன்னவன் ஆவேன். எழுத உனக்கு உரிமை உண்டு. இன்ன பத்திரிகை அதை அச்சடித்தே ஆக வேண்டும் என்று கேட்கிற உரிமை பொதுவாகக் கிடையாது. எதைப் போடுவது, எதை விடுவது என்பது ஆசிரியர் கையில். இதற்கு ஒரு விலக்கு உண்டு, உனக்குப் பிடிக்கும். 1992, எல்.ஐ.சி. எதிர் மனுபாய் ஷா. பாலிசிதாரர்களுக்கு அநியாயம் நடக்கிறது என்று அவர் ஓர் ஆய்வு எழுதினார். அதை மறுத்து எல்.ஐ.சி. அதிகாரி எழுதிய கட்டுரையை அவர்கள் தங்கள் சொந்த இதழில் போட்டார்கள். அதற்கு மனுபாய் ஷா எழுதிய பதிலைப் போட மாட்டோம், இது எங்கள் உள் இதழ் என்றார்கள். பொதுப் பணத்தில் நடத்துகிறீர்கள், ஒரு பக்கத்தைப் போட்டீர்கள், மறுபக்கத்தையும் போடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். உன் மலர் அரசுக் கல்லூரியின் பணத்தில் வருகிறதா, மாணவர்கள் கைக்காசில் வருகிறதா என்று பார். பார்த்துவிட்டு வழக்குப் போடு என்று சொல்லவில்லை. சீனியரிடம் உட்கார்ந்து பேசு என்றுதான் சொல்கிறேன். அவர் அரசு இல்லை, உன்னோடு படிக்கிறவர்.

தலைப்பாகை வரியை நான் வைத்துக்கொள்வேன். ஆனால் நால்சாவோடு நிறுத்தாதே. 33-ஆம் உறுப்பு இருக்கிறது. படையில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் சுருக்கலாம். விமானப்படையில் தாடி வைக்க அனுமதி கேட்டவரின் வழக்கு 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதாவது 1806-ன் தாடிக் கேள்வி இருநூற்றுப் பத்து வருஷம் கழித்து நம் சொந்தக் கோர்ட்டுக்கு வந்தது, பதில் படையின் ஒழுங்கு பக்கம் போனது. இதையும் எழுதினால்தான் உன் கட்டுரை ஒரு சட்ட மாணவியின் கட்டுரை.

இனி ஞாபகம். எனக்கு உதவியது ஊர்தான். தொரப்பாடி ஜெயில் சுவரைத் தாண்டித்தானே பஸ் போகிறது. அங்கே 1941-ல் அடைபட்டிருந்து தப்பிப் போனவர் ஏ.கே. கோபாலன். ஒன்பது வருஷம் கழித்து, சுதந்திர இந்தியாவில் மறுபடி காவலில் இருந்தபடி அவர் போட்ட வழக்குதான் கோபாலன் எதிர் மதராஸ் மாகாணம், 1950 மே 19. அவர் தோற்றார் என்று எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு விஷயத்தில் ஜெயித்தார். உன்னை எதற்காகப் பிடித்தோம் என்ற காரணத்தை நீ நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்று தடுப்புக் காவல் சட்டத்தில் 14-ஆம் பிரிவு சொன்னது. அது செல்லாது என்றார்கள். வாயைத் திறக்காதே என்ற பிரிவு மட்டும் விழுந்தது, கவனித்தாயா?

சரியாக ஒரு வாரம் கழித்து, மே 26, ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயில் அவர் அச்சிட்ட ஆங்கில வார இதழ் மதராஸ் மாகாணத்துக்குள் நுழையவே கூடாது என்று இங்கிருந்த அரசு மார்ச் 1-ல் ஆணை போட்டிருந்தது. அதற்கு முந்தின மாதம்தான், பிப்ரவரி 11, சேலம் ஜெயிலில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆணையை ரத்து செய்து தீர்ப்பு எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. பொது ஒழுங்கு வேறு, நாட்டின் பாதுகாப்பு வேறு என்றார். அடுத்த வருஷமே, 1951 ஜூனில், முதல் திருத்தம் கொண்டுவந்து 19(2)-ல் பொது ஒழுங்கைச் சேர்த்துவிட்டார்கள். மேலே நான் எழுதிய எட்டில் ஒன்று எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறதா? இப்படிப் படித்தால் மறக்காது.


ஆற்காடு மேற்கு
ஞாயிறு காலை 7.10

வக்கீல் சாரோடு சட்டத்தில் வாதாட எனக்குத் தெரியாது. ஆனால் சீனியர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று ஒருவராவது சொல்ல வேண்டும்.

கலகத்தை அடக்கிய வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு புறப்பட்டது எங்கள் ஊரிலிருந்து. பதினாறு மைல். சின்ன வயதிலிருந்து அவன் சவாரியைப் பற்றித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், எப்படி விரைந்தான், கயிற்றைப் பிடித்து எப்படிச் சுவர் ஏறினான் என்று. அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்ல ஆள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். தளபதி மனைவி எழுதினாள், அது அச்சில் வந்தது. பிளாகிஸ்டன் எழுதினான், அதுவும் வந்தது. சுவரோரம் நின்றவர்களில் யாராவது எழுதி எங்காவது வந்ததா?

நீங்கள் எழுதிய பத்தியையே மறுபடி பாருங்கள். 115 என்கிறீர்கள், 14 என்கிறீர்கள். ஒவ்வொருவராக எண்ணி எழுதிய கணக்கு. நம் பக்கம் வந்ததும் "சுமார் நூறு". மொத்தம் எத்தனை சிப்பாய்கள் செத்தார்கள் என்று தேடினால் அங்கேயும் சுமார் 350. சுமார் என்று ஒரு சாவு உண்டா அம்மா? ஒரு பக்கம் பெயரோடு கல்லறை, ரெஜிமென்ட், பதவி. இன்னொரு பக்கம் கூடக்குறைய ஒரு தொகை. விசாரித்துக் கொல்லப்பட்டவர்களின் கணக்குக்கூட அவர்கள் வைத்ததுதான்: பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது 6 பேர், துப்பாக்கியால் 5 பேர், தூக்கில் 8 பேர். கலகம் செய்த மூன்று பட்டாலியன்களையும் பட்டியலிலிருந்தே கலைத்துவிட்டார்கள், பெயர்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்று.

அப்படிப்பட்டவர்களை நினைக்க நமக்குக் கிடைத்தது ஒரு தூண், 2006-ல் ஓர் அஞ்சல்தலை, வருடத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளில், இரண்டு பக்கத்தில், அரைப் பக்கத்தை வெள்ளைக்காரர்களுக்கும் பங்கு போட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. பொய் எழுதச் சொல்லவில்லை. அந்த உண்மைக்கு வேறு 364 நாள் இருக்கிறதே என்கிறேன்.


ஓய்வு பெற்ற ஹவில்தார்
ஞாயிறு காலை 9.25

பாப்பா, நான் கம்மவான்பேட்டை. எங்கள் ஊரை மிலிட்டரிப்பேட்டை என்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆளாவது பட்டாளத்தில் இருப்பான். அப்பா இருந்தார், நான் இருந்தேன், இப்போது பையன் இருக்கிறான். சட்டமும் வரலாறும் நீங்கள் பேசிவிட்டீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பாரக்கில் தூங்குகிறவன் எப்படித் தூங்குவான் என்று எனக்குத் தெரியும். பூட்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்திருப்பான், கால் இறங்கினால் நேராக அதில் விழுகிற மாதிரி. தலைமாட்டில் வீட்டுக் கடிதம் இருக்கும். காவலுக்கு ஒருத்தன் நிற்கிறான் என்ற நம்பிக்கையில்தான் கண்ணை மூடுவான். அந்த இரவு காவலுக்கு நின்றவர்கள்தான் சுட்டார்கள். எந்தப் படையில் இருந்தவனுக்கும் இதைப் படித்தால் வயிற்றைப் பிசையும். வெள்ளைக்காரன் என்பதற்காக அது குறையாது.

அதே மாதிரி, ஆயுதத்தைப் போட்டுவிட்டு அரண்மனைக்குள் ஒண்டினவனை இழுத்து வந்து சுவரில் வைத்துச் சுட்டது. அதுவும் சிப்பாய் வேலை இல்லை. நீ இரண்டையும் ஒரே பத்தியில் வைத்தாய் பார், நான் இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை வீட்டுக்காரிக்கும் படித்துக் காட்டினேன்.

எங்களுக்குச் செத்தவனை நினைக்க ஒரு முறை உண்டு. "ஷோக் ஷஸ்திர்" என்று கட்டளை வரும். துப்பாக்கியின் குழல் தரையைப் பார்க்கத் திருப்பி, தலையைக் குனிந்து நிற்போம். பேச்சு கிடையாது. ஜனவரி 30 காலை 11 மணிக்கு நாடே இரண்டு நிமிஷம் நிற்கிறதே, அப்போதும் அப்படித்தான். அந்த இரண்டு நிமிஷத்தில் அவனவன் மனதில் யார் வருகிறார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

ஆற்காட்டுக்காரர் சொன்னதும் எனக்குப் புரிகிறது. பெயர் இல்லாமல் போனது பெரிய அநியாயம். ஆனால் அதற்காக மற்றவனை மறைக்க வேண்டியதில்லை. நம் ஆட்கள் அன்றைக்குச் செய்ததில் பெரியதும் உண்டு, கூடாததும் உண்டு. இரண்டும் தெரிந்த பிறகும் நான் அந்தத் தூணுக்கு மாலை போடுவேன்.

தாடி விஷயத்தில் வக்கீல் சார் சொன்னது சரி. படையில் சேர்ந்தால் சிலதை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் விடச் சொல்கிறவன் உன்னை மதிக்கிறவனாக இருக்க வேண்டும். 1805-ல் சொன்னவன் மதிக்கவில்லை.


பாகாயம் ரூம்மேட்
ஞாயிறு மதியம் 1.05

நானும் சட்டம்தான், இறுதி ஆண்டு. ஞாபகத்துக்கு மட்டும் பதில்.

எண்ணிலிருந்து ஆரம்பிக்காதே. ஆளிலிருந்து ஆரம்பி. யார், எந்த ஊர், அவருக்கு என்ன வேண்டியிருந்தது, யார் மறுத்தார்கள். அதற்கு அப்புறம் உறுப்பு, அதற்கும் அப்புறம் வருஷம். பிஜோ இம்மானுவேல் வழக்கை நான் படித்தது அப்படித்தான். கேரளத்தில் மூன்று பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள், பாட மட்டும் மாட்டார்கள், தங்கள் மத நம்பிக்கை காரணமாக. பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அந்த மூன்று பிள்ளைகள் வரிசையில் வாய் மூடி நிற்கிற மாதிரி ஒரு படம் மனதில் வந்துவிட்டால், பேசாமல் இருப்பதும் 19(1)(அ)-வுக்குள் வரும் என்பது தானாக வரும்.

அப்புறம், சத்தமாக யாருக்காவது சொல். சட்டம் தெரியாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் "ஏன்?" என்று கேட்கும் இடத்தில்தான் நமக்குப் புரியாதது எது என்று தெரியும்.

பழைய எண், புதிய எண் விஷயத்துக்கு ஒரு நோட்டில் இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது என்று கையால் எழுது. போனில் இருக்கிற அட்டவணையைப் பார்த்தால் ஏறாது. தேசத்துரோகப் பிரிவான பழைய 124-ஏ வரும்போது மட்டும் கவனம்: புதிய 152 அதன் நேர் மறுபெயர் இல்லை, வாசகமே வேறு. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124-ஏ-யை நிறுத்தி வைத்த கதையோடு சேர்த்துப் படி.


குடியாத்தத்துப் பெண்
ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் நன்றி. காலையிலிருந்து திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ரூம்மேட் அக்கா சொன்னதை மதியமே செய்து பார்த்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி அடுக்கியிருந்தார். ஓர் இலையை எடுத்து, தூளைத் தூவி, உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி அறுப்பதற்குள் நான் ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த வேகத்துக்குத்தான் அம்மா காது கொடுப்பார். கோபாலன் கதையைத் தொரப்பாடி ஜெயிலிலிருந்து ஆரம்பித்தேன். அடைத்ததற்குக் காரணத்தை ஜட்ஜிடம்கூடச் சொல்லக் கூடாது என்று சட்டம் இருந்தது என்றதும் அம்மா கை நின்றுவிட்டது. "அப்போ ஜட்ஜுக்கு இன்னாதான் தெரியும்?" என்று கேட்டார். 14-ஆம் பிரிவு ஏன் செல்லாது என்பதற்கு அந்த ஒரு கேள்வி போதும். பரீட்சையில் இதே கேள்வி வந்தால் எனக்கு அம்மா குரல்தான் கேட்கும்.

ரொமேஷ் தாப்பர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கட்டு ஆகிவிட்டது. மனுபாய் ஷாவைச் சொன்னபோது, "ஒருத்தன் பேச்சைப் போட்டா இன்னொருத்தன் பேச்சையும் போடணும், பஞ்சாயத்துலயே அப்படித்தானே" என்றார். அதை விளக்க வேண்டியே வரவில்லை.

இனி கட்டுரை. ஆற்காடு அண்ணா, உங்கள் பதில்தான் என்னை ரொம்ப நேரம் தூக்கிப் போட்டது. "சுமார் நூறு" என்று எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. புத்தகத்தில் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். நீங்கள் அந்தப் பத்தியை வேறொரு நாளைக்கு ஒதுக்கச் சொல்கிறீர்கள். அதை ஏற்க முடியவில்லை, மன்னியுங்கள். வேறு நாளில் யாரும் கேட்க மாட்டார்கள். பத்தாவதில் விட்டது இன்னும் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது. ஆனால் நீங்கள் சுட்டியது பத்திக்குள் வந்தே ஆக வேண்டும். அதனால் கடைசி வரியை எடுத்துவிட்டேன். இரண்டு சாவையும் ஒரே மண் வாங்கிக்கொண்டது என்பது படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. ஒரு பக்கத்துக்குக் கல்லறை கிடைத்தது, மறுபக்கத்துக்கு எண்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் இப்படி முடித்திருக்கிறேன்:

"வெள்ளையர் பக்கம் செத்தவர்களை ஒவ்வொருவராக எண்ணி வைத்தார்கள். சிப்பாய்களை எண்ணவில்லை. சுமார் 350 என்கிற அந்தச் சுமாரில் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. தூணுக்கு முன்னால் நிற்கும்போது அவர்களையும் சேர்த்து நினைக்கிறோம்."

ஹவில்தார் ஐயா, கட்டிலுக்கடியில் ஜோடியாக வைத்த பூட்ஸ் என்று நீங்கள் எழுதியதை நான் கட்டுரையில் எடுத்துக்கொள்ளலாமா? பட்டாளத்தில் இருந்த ஒரு பெரியவர் சொன்னார் என்று மட்டும் போடுகிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன்.

வக்கீல் அண்ணா, 33-ஆம் உறுப்பையும் விமானப்படை வழக்கையும் சேர்த்துவிட்டேன். தலைப்பாகை வரி இப்போது கேள்வியாக முடிகிறது, முன்பு ஆச்சரியக்குறியோடு முடிந்திருந்தது. சீனியருக்கு அது ஒட்டவில்லை என்று பட்டதற்குக் காரணம் அதுதானோ என்னவோ.

மலர் யார் பணத்தில் வருகிறது என்று விசாரித்தேன். மாணவர்கள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு நடத்துகிறார்கள். என் ஐம்பதும் அதில் இருக்கிறது. நாளைக்குக் காலை ஆறு மணி பஸ். முதல் வகுப்புக்கு முன்னாலேயே சீனியரைப் பார்த்து, புதிதாக எழுதியதைக் கொடுத்து, அவர் படிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். அவர் மறுத்தாலும் இந்தப் பத்தியை அடித்துவிட்டுக் கொடுக்க மாட்டேன். அப்படி ஆனால் ஜூலை 10 அன்று மாலை தூணுக்குப் பக்கத்தில் நின்று, கேட்கிறவர்களுக்கு நானே படித்துக் காட்டுவேன். அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.